ஆறுமுகம் அண்ணனும் இரண்டு ட்ரே பொங்கலும்

செய்தி வந்தபோது நான் ஃப்ரீவேயில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கலிபோர்னியாவில், திங்கட்கிழமை காலை எட்டு மணி நெரிசலில் லிவர்மோரிலிருந்து டப்ளின் பக்கம் யார் ஓட்டுகிறார்கள்? திரையில் தீபாவின் பெயர் வந்தது. ஆறுமுகம் அண்ணனின் ஒரே மகள். சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். அவள் என்னைக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அங்கிள், தே ஃபவுண்ட் அப்பா" என்றாள். கண்டுபிடித்தார்கள் என்றால் தொலைந்திருக்க வேண்டுமே, அது எனக்கு ஏன் தெரியாது என்று நான் யோசிப்பதற்குள், ஐடஹோ மலையில் ஓர் ஓடைக்கரையில் பனி மூடிக் கிடந்தார் என்று ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். எனக்கு முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விழுந்திருந்தது.

மத்தியானத்துக்குள் எங்கள் ஊர்த் தமிழ் விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்கள் வரிசை கட்டிவிட்டன. இரண்டு வருடமாக அவரைப் பார்த்தால் பார்க்கிங்கில் வேறு பக்கம் திரும்பிய அதே கைகள்தான். சாயங்காலம் இன்னொரு பேச்சும் கிளம்பியது. அதையெல்லாம் எழுத மாட்டார்கள், ஃபோனில் சொல்வார்கள். "சாமிக்குப் படைச்சதைக் கரடிக்குப் போட்டாரு. கரடிக் காட்டுலயே போயிட்டாரு. சாமி குத்தம் சும்மா விடுமா?" துக்கம் கேட்கப் போன ஒரு மகராசி இதை அண்ணனின் மனைவி மல்லிகா அண்ணியின் சமையலறையில் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறார். அண்ணி அந்தப் பக்கம் அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்களாம். காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழுத் தலைவர் செந்தில்நாதன் சார் கூப்பிட்டார். "முரளி, நீங்கதான் அவரோட க்ளோஸ். இரங்கல் கூட்டத்துல வாசிக்கறதுக்கு ஒரு ரெண்டு பக்கம் எழுதிடுங்க. அப்படியே நம்ம விழா மலர்லயும் போட்டுக்கலாம். அந்த வேட்டை மேட்டர், பொங்கல் மேட்டர் ரெண்டை மட்டும் அவாய்ட் பண்ணிடுங்க. நல்லா இருக்காது."

சரி சார் என்றேன். சரி சார் என்பது எனக்கு நன்றாக வரும்.

ஆனால் வேட்டையை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத முடியாது. பொங்கலை விட்டுவிட்டு என்னைப் பற்றி எழுத முடியாது. அவர் மேல் கிடக்கிற பழி அவருடையது அல்ல. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை அவர் மேலிருந்து இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் இதைத்தான் வாசிக்கப் போகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வெளியே சமோசாவும் டீயும் வைத்திருப்பார்கள்.

அண்ணன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். சிப் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் எஞ்சினியர். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் வாயிலிருந்து "ங்க" போகவில்லை. அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் சித்திரை விழாவில். பார்க்கில் கேஸ் அடுப்பை வைத்து, அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். நான் வேலூரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாரையும் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "ஏந் தம்பி, சும்மா நிக்கறதுக்கு அந்த முந்திரியை ஒடைச்சுக் குடு. நின்னா கால்தான் வலிக்கும்" என்றார். அன்றிலிருந்து பத்து வருடம் அவர் பொங்கலுக்கு முந்திரி உடைத்தவன் நான். படைத்து முடித்ததும் முதல் கரண்டியைக் குழந்தைகள் வரிசைக்குத்தான் வைப்பார். பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

வேட்டை அவருக்கு ஊரிலிருந்து வந்த பழக்கம் அல்ல. ஊரில் கோழி அறுக்கும்போது வீட்டுக்குள் போய்விடுவாராம். இங்கே அவருடன் லேபில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் அண்ணா இந்த வயதில் என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது. "திங்கறோம்ல கண்ணு? பாக்கெட்ல வாங்கி, பிளாஸ்டிக்கை உரிச்சு, திங்கறோம்ல? ஒரு தடவையாச்சும் நாமளே கொன்னு பாத்தாத்தான் என்ன செய்யறோம்னு தெரியும்." தெரிந்ததா என்று கேட்டேன். "தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சோத்துல ஒரு துண்டு கூட மிச்சம் வெக்கறதில்லை" என்றார்.

கலிபோர்னியாவில் இரை வைத்துக் கரடியைச் சுடக் கூடாது. ஐடஹோவில் சில மலைகளில், பர்மிட் வாங்கிச் செய்யலாம். அதற்காகவே பதினோரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போவார். ஐந்து வருடம் நானும் கூடப் போனேன். குளிர்காலத் தூக்கம் கலைந்து கரடி வெளியே வரும் ஏப்ரல், மே மாதங்கள்தான் அவருக்குக் கணக்கு. ஒரு இரும்பு ட்ரம்மில் கரடியின் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மரத்தோடு சங்கிலியால் கட்டி, அதற்குள் காய்ந்த டோனட், பழைய பிரெட், வெல்லப்பாகு ஊற்றிய ஓட்ஸ் எல்லாம் போட்டு, மேலேயும் கீழே தரையிலும் உணவகத்தில் வறுத்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றுவோம். அந்த எண்ணெயைக் கரடி மிதித்துக்கொண்டு போகும் வழியெல்லாம் வாசனை போகும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கரடி வரும். எதிர் மேட்டில் புதருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மணிக்கணக்காக, ஒரு இருமல் இல்லாமல்.

"இது ஏமாத்தறது இல்லையாண்ணா?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"ஏமாத்தறதுதான். நான் நியாயம் பேசலியே" என்றார். "ஆனா ஓடற கரடியைத் தூரத்துல இருந்து சுட்டா, பின்னாடி குட்டி வருதான்னு எப்படித் தெரியும்? இங்க உக்காந்து திங்கும். நாம சித்த பொறுத்தா, பின்னாடி இருக்கறது தானா வெளிய வரும். அவசரப்பட்டவன் தாயைக் கொன்னுட்டு அப்புறம் உக்காந்து அழுவான்."

குட்டியுள்ள தாயைச் சுடக் கூடாது என்பது அங்கே சட்டம். அண்ணனுக்கு அது சட்டத்துக்கும் மேலே. ட்ரம்முக்கு வந்த கரடியை அரை மணி, முக்கால் மணி பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து வருடத்தில் நாங்கள் சுட்டது இரண்டே இரண்டு. பார்த்துவிட்டு விட்டது எத்தனையோ.

அந்தப் பார்வையில் ஓர் ஆபத்து உண்டு. கரடியைப் பார்க்க ஆரம்பித்தால் அண்ணனுக்கு உலகம் மறந்துவிடும். மே மாதத்தில் அந்த மலையில் காலையில் வெயில், பதினொரு மணிக்குக் காற்று, மத்தியானம் மழை, மூன்று மணிக்குப் பனி என்று ஒரே நாளில் எல்லாம் வரும். மழைக்கு முந்தின ஒரு மணி நேரம் கரடிக்குப் பசி எடுக்கும் என்பார். உட்கார வேண்டிய நேரமும் அதுதான், எழுந்து ஓட வேண்டிய நேரமும் அதுதான். திரும்பி வரும் வழியில் ஓர் ஓடை. காலையில் கணுக்கால் அளவு இருக்கும். மேலே மழை பெய்தால் இடுப்பளவு ஆகிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார். "நான் ட்ரம்மைப் பாக்கறேன். நீ வானத்தைப் பாரு. நீ கிளம்பலாம்னு சொல்லிட்டீன்னா, கரடி கைக்கெட்டற தூரத்துல நின்னாலும் நான் எந்திரிச்சிருவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

சொன்னபடி செய்தார். இரண்டாவது வருடம், அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய ஆண் கரடி, ட்ரம்முக்கு முன்னால் சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தது. தனியாகத்தான் வந்திருக்கிறது என்று உறுதியாகி, அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். என் கையில் முகப்பவுடர் அடைத்த ஒரு சின்னக் குப்பி. அழுத்தினால் பவுடர் பறக்கும் திசையில் காற்று தெரியும். அழுத்தினேன். அதுவரை எங்கள் முகத்துக்கு வந்துகொண்டிருந்த காற்று சட்டென்று முதுகுப் பக்கம் திரும்பியது. மேற்கே மலை முகடு மேகத்தில் காணாமல் போயிருந்தது. "கிளம்பலாம்ணா" என்றேன். மூச்சுவிடும் சத்தத்தில்தான் சொன்னேன். அவர் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை எடுத்து, ஸ்டூலை மடித்துவிட்டார். ஓடையை நாங்கள் கடக்கும்போது தண்ணீர் முழங்கால் வந்துவிட்டது. கரையேறித் திரும்பிப் பார்த்தால் நாங்கள் உட்கார்ந்திருந்த மேடே தெரியவில்லை, அத்தனை பனி. வண்டியில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, "நல்ல கண்ணு உனக்கு" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் அதை மட்டும்தான் நான் நம்புகிறேன்.

கரடிக் கறியை அவரே சமைப்பார். குக்கரில் நன்றாக வேகவைத்து, ஊர் மசாலா அரைத்து வறுவல். கெட்-டுகெதருக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இது கரடிங்க. வேண்டாதவங்க தொடாதீங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். கால் மணி நேரத்தில் பாத்திரம் காலியாகிவிடும். எப்படி என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

இன்னொன்று. எங்களில் ஒரு தாய், பெயர் சொல்ல மாட்டேன், அண்ணனும் கடைசிவரை சொல்லவில்லை, ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மகள் தூக்கத்தில் பயந்து அலறுகிறாள், தாயத்தில் வைக்கக் கொஞ்சம் கரடி முடி கிடைக்குமா என்று கேட்டார். ஊரில் செய்வதுதானே. அண்ணன் மறுநாளே ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். குழந்தை தூங்குகிறதா என்று பிறகு ஒருமுறை விசாரித்தார். தூங்கியதாம். கரடி நல்ல கரடி, பாவம்.

இப்போது பொங்கல்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை விழா. மழை வரும் என்று யாரோ சொல்ல, பாதிக் கூட்டம் வரவில்லை. படைத்துப் பரிமாறியது போக இரண்டு பெரிய அலுமினிய ட்ரே நிறையச் சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியது. வீட்டில் சமைத்ததை வாங்க மாட்டோம் என்று வீடில்லாதவர்களுக்கான ஷெல்டரில் சொல்லிவிட்டார்கள். எடுத்துப் போகச் சொன்னால் ஒவ்வொருத்தரும் "எங்க வீட்ல எல்லாரும் டயட்" என்றார்கள். குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். அண்ணன் அண்டாக்களை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் குழுவின் வேனில் போயிருந்தார். அவருடைய பிக்கப் வண்டி பார்க்கிங்கில் நின்றது. நான் அந்த இரண்டு ட்ரேயையும் தூக்கி அந்த வண்டியின் பின்னால் வைத்தேன். "அண்ணா, ரெண்டு ட்ரே பொங்கல் உங்க வண்டில வெச்சிருக்கேன். கரடிக்கு ஆகும்" என்று மெசேஜும் அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டேன்.

மறுநாள் விடிகாலை நாங்கள் இருவரும் இரை வைக்கக் கிளம்பினோம். நெவாடாவில் ரீனோ நகரம் தாண்டியதும் அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம், "படைச்சது தம்பி. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்றார். நான் விடவில்லை. குப்பையில் போவது ஒரு உயிரின் வயிற்றில் போகட்டுமே, கரடியையும் சாமிதானே படைச்சது என்று வாய் ஓயாமல் பேசினேன். வாதம் செய்வதில் நான் கெட்டிக்காரன். வாய் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் வராது. மலையில் ட்ரம் பக்கத்தில் போனதும் அண்ணன் தள்ளி நின்றுகொண்டார். "நீ போடறதுன்னா போடு. நான் தொட மாட்டேன்" என்றார். நான்தான் கொட்டினேன். இரண்டு ட்ரேயையும் இந்தக் கைதான் வழித்துக் கொட்டியது. காலி ட்ரேக்களைத் தூக்கி வருவதற்குச் சோம்பல்பட்டு, அவற்றையும் மடக்கி ட்ரம்மின் ஓட்டையில் திணித்தேன். அண்ணன் முதுகைக் காட்டி நின்று, "சாமி, கோவிச்சுக்காத" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் போய், மரத்தில் கட்டியிருந்த, எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமராவின் கார்டை எடுத்துப் பார்த்தால், ஒரு படம். கரடி ஒன்று ட்ரேயை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நக்குகிறது. ட்ரேயின் ஓரத்தில் ஒட்டிய டேப்பில், மார்க்கரில் எழுதிய தமிழ் அப்படியே தெரிகிறது: சர்க்கரைப் பொங்கல், படையல். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை, ட்ரேயைத் தேடி எடுத்துக் கழுவப் போய்விட்டார். அந்தப் படத்தை, கொட்டியது யார் என்று எழுதாமல், நண்பர்கள் நான்கு பேருக்கு அனுப்பினேன். நாங்கள் டப்ளின் வந்து சேர்வதற்குள் அது எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை லைப்ரரி அறையில் கூட்டம் போட்டார்கள். செந்தில்நாதன் சார் படத்தைப் பெரிதாக்கி ஸ்கிரீனில் போட்டார். "படைச்ச பொங்கலை மிருகத்துக்குப் போட்டிருக்கீங்க. அதுவும் அதைச் சுடறதுக்காக. இது நம்ம கல்ச்சரா, சார்?" என்று கேட்டார். இவரும் அந்த வறுவலைச் சாப்பிட்டவர்தான். எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நான்தான் போட்டேன் என்று சொல்ல இரண்டு வினாடி போதும்.

சொல்லவில்லை. காரணம் கேட்டால் நீங்கள் காறித் துப்புவீர்கள். இன்னும் மூன்று வாரத்தில் என் மகளின் அரங்கேற்றம். விருந்தாளி, சமையல், மேடை அலங்காரம் எல்லாம் அந்த அறையில் இருந்த குடும்பங்கள்தான். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்ல ஆசைதான், இல்லை.

அண்ணன் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் ஃபோனைப் பார்த்தேன். "வண்டி என்னுது, ட்ரம் என்னுது. அப்புறம் வேற யாரைக் கேப்பீங்க? என்னையத்தானுங்க கேக்கணும்" என்றார். பொய் சொல்லவில்லை, பாருங்கள். பொய் சொல்லாமலே என் பழியைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அன்றோடு அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த சித்திரைக்குப் பொங்கல் ஒரு கேட்டரிங்கிலிருந்து வந்தது. பசை மாதிரி இருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பார்க்கிங்கில் பின்னாலேயே ஓடினேன். "அண்ணா" என்றேன். "போச்சாது விடு" என்றார். "உம்பொண்ணு அரங்கேற்றம் முடியட்டும். அப்புறம் நீயே எல்லாத்துகிட்டயும் சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன்."

அரங்கேற்றத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலிகள் கடைசிவரை காலியாக இருந்தன. முடிவில் மேடையேறி நான் நன்றி சொன்னேன். பூ கட்டியவர் முதல் பார்க்கிங் பார்த்துக்கொண்டவர் வரை ஒவ்வொருத்தர் பெயராகச் சொன்னேன். என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து டான்ஸ் கிளாசுக்கு, நான் ஆபீசில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம், வண்டி ஓட்டிக் கூட்டிப் போனவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அரங்கேற்றம் முடிந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு சுதா, என் மனைவி, குழுவில் செயலாளர் ஆனாள். அடுத்த மே மாதம் அண்ணன் வேட்டைக்குக் கூப்பிட்டபோது முதுகு வலி என்றேன். இன்னும் அவரோடு போகிறேன் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். தனியாகப் போய்த் தனியாக வந்தார். இரண்டு பேர் இல்லாமல் அந்த மேட்டில் உட்காரக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கு வேறு ஆள் இல்லை. அந்த ஆள் இல்லாமல் செய்தவன் நான்.

இந்த மே மாதமும் கூப்பிட்டார். "தம்பி, ஸ்டூல் ரெண்டும் எடுத்து வெச்சுட்டேன். வர்றியா? இந்த வாரம் வானம் ஒரு மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க. நீ இருந்தாத் தேவலை."

"ஆபீஸ்ல ரிலீஸ் வீக்ணா" என்றேன்.

"சரி சரி. சோலியைப் பாரு."

ரிலீஸ் எல்லாம் ஒன்றும் இல்லை. அந்த சனிக்கிழமை செந்தில்நாதன் சாரின் புதுமனை புகுவிழா. அங்கே போயிருந்தேன். அண்ணன் மலையில் உட்கார்ந்திருந்த அதே மத்தியானம் நான் மூன்றாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தேடிப் போனவர்கள் சொன்னதை வைத்துத்தான் மீதி தெரியும். மூன்று மணிவாக்கில் பனி விழ ஆரம்பித்திருக்கிறது. அதற்கு முன்பே மேலே மழை. அவர் கிளம்பும்போது ஓடை ஏறிவிட்டிருக்கிறது. வழுக்கி விழுந்து கால் முறிந்து, எப்படியோ கரைக்குத் தவழ்ந்து வந்து, அங்கேயே கிடந்திருக்கிறார். மறுநாள் காலையில்தான் கிடைத்தார். துப்பாக்கியில் தோட்டா எல்லாம் அப்படியே இருந்தது, ஒன்றுகூடச் சுடப்படவில்லை.

சீசன் முடிந்தால் இரை வைத்தவர்கள் ட்ரம்மை அகற்றியாக வேண்டும். செத்தவருக்கும் அந்தச் சட்டம் உண்டோ என்னவோ, தீபா விடவில்லை. "அப்பா வுட் ஹேட் தட்" என்றாள், ட்ரம் அங்கேயே கிடப்பதை. இடம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால்தான் என்னைக் கூட வரச் சொன்னாள். பாசத்தால் அல்ல, அது வழியில் தெரிந்தது. நெவாடாவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, இரங்கல் கூட்டத்துக்குப் படம் தேடப் போய்க் கண்டது என்று அண்ணனின் ஃபோனை என் முன்னால் நீட்டினாள். என் மெசேஜ். ரெண்டு ட்ரே பொங்கல், கரடிக்கு ஆகும், சிரிக்கிற முகம்.

"அது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தலையாட்டினேன். "இது ரெண்டு வருஷமா அவர் ஃபோனில் இருந்திருக்கிறது. ஒரே ஒருத்தருக்குக் காட்டியிருந்தால் போதும். ஏன் காட்டவில்லை?" நீ சொல்லிக்கோ, நான் சொல்ல மாட்டேன் என்று பார்க்கிங்கில் அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, என்னிடம் தமிழில் பேசினாள். "நீங்க சொல்லுங்க அங்கிள். இல்லன்னா நான் சொல்வேன்."

தீபா செல்லம், நானே சொல்கிறேன். சபையோரே, அந்தப் பொங்கலை எடுத்து வண்டியில் வைத்தவன் நான். ட்ரம்மில் கொட்டியவன் நான். படத்தை அனுப்பியவனும் நான்தான். ஆறுமுகம் அண்ணன் அதைக் கையால்கூடத் தொடவில்லை. சாமி குத்தம் என்று ஒன்று இருந்தால், அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. மல்லிகா அண்ணி, உங்கள் சமையலறையில் அந்த வார்த்தை விழுவதற்கு நான் காரணம். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதைகூட எனக்கு இல்லை, கேட்கிறேன்.

இனி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. மலைக்கு ஏறினோம். பனி உருகி, புல் முளைத்து, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ட்ரம் பக்கத்து மரத்தில் இருந்த கேமராவின் கார்டைத் தீபா எடுத்துப் பார்த்தாள். அந்த சனிக்கிழமையின் படங்கள் வரிசையாக இருந்தன. இரண்டு மணிக்கு ஒரு கரடி ட்ரம்முக்கு வருகிறது. தின்கிறது. மூன்று மணிப் படத்தில் பனி விழுகிறது, கரடி இன்னும் அங்கேயே. மூன்றேமுக்கால் படத்தில் அதன் முதுகெல்லாம் வெள்ளை. நாலு மணிப் படத்தில், மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு குட்டிகள். அதுவரை அண்ணன் பொறுத்திருந்திருக்கிறார். அது தாயா என்று தெரிந்துகொள்ள, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, ட்ரம்மையே பார்த்துக்கொண்டு. வானத்தைப் பார்க்க ஆள் இல்லை.

எதிர் மேட்டில், புதருக்குப் பின்னால் ஸ்டூல்கள் இரண்டும் இருந்தன. அவருடையது சாய்ந்து கிடந்தது. என்னுடையது நிமிர்ந்து நின்றது, எப்போதும் நிற்கும் இடத்தில், மேற்குப் பக்கம் பார்த்து. உட்காரும் துணி நனையாமல் இருக்க அதற்கு மேல் ஒரு மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டி, ஓரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். வர மாட்டேன் என்று சொன்னவனுக்கு. அந்த முடிச்சை அவிழ்த்து அதில் உட்கார்ந்தேன். துணி காய்ந்திருந்தது. மேற்கே வானம் சுத்தமாக இருந்தது. அந்த மேட்டில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை, அதுவும் ஒரு வார்த்தை. தீபா காதில் விழும்படி, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

கிளம்பலாம்ணா.